வாசலில் சொல்லும் சொல்

ஜூன் மாதத்தில் பள்ளி திறந்த முதல் திங்கட்கிழமை காலை, ஏதேனும் ஒரு மழலையர் பள்ளியின் வாசலில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். புதுச் சீருடைகள், கழுத்தில் தொங்கும் அடையாள அட்டைகள், கைக்கு அடங்காத தண்ணீர் பாட்டில்கள், சேலைத் தலைப்பை இறுகப் பற்றிய சின்னஞ்சிறு விரல்கள். ஆயா ஒருவர் அழும் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்கிறார். "அதோ பாரு, காக்கா!" என்கிறார். குழந்தை காக்கையைப் பார்க்கத் தலையைத் திருப்புகிறது. அந்த ஒரு நொடியில் தாய் மதிற்சுவரின் ஓரமாக மறைந்துவிடுகிறாள். காக்கையைப் பார்த்து முடித்துத் திரும்பும் குழந்தைக்கு, தாய் நின்ற இடம் மட்டுமே எஞ்சியிருக்கிறது.

இதில் எவருக்கும் தீய எண்ணம் இல்லை. ஆயாவுக்குக் குழந்தையின் அழுகையை நிறுத்த வேண்டும். தாய்க்கு அலுவலகப் பேருந்தைப் பிடிக்க வேண்டும். ஆசிரியைக்கு முப்பது குழந்தைகளை உட்கார வைக்க வேண்டும். எல்லாருமே குழந்தையின் நன்மையையே கருதுகிறார்கள். ஆயினும், ஒரு கேள்வி அந்த வாசலில் விடையின்றி நிற்கிறது. குழந்தையிடம் சொல்லாமல் நழுவிச் செல்வது முறையா? 'இங்கேயே நிற்கிறேன்' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவது பொய்யா, அல்லது அன்பின் ஒரு வடிவமா? மூன்று வயதுப் பிள்ளைக்கு நாம் உண்மையைக் கடன்பட்டிருக்கிறோமா?

சிறிய கேள்வி என்று இதனைத் தள்ளிவிட வேண்டா. பள்ளியில் சேர்ப்பதற்கு முன் பை, சீருடை, செருப்பு, கட்டணம் என எத்தனையோ ஆயத்தங்கள் செய்கிறோம். வாசலில் நாம் சொல்லப்போகும் சொல்லுக்கு மட்டும் யாரும் ஆயத்தம் செய்வதில்லை.

பிறரைப் பற்றிப் பேசுமுன் எம் குற்றத்தைச் சொல்லிவிடுவதே நேர்மை. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன், எம் மூத்த மகனை மூன்றரை வயதில் ஒரு மழலையர் பள்ளியில் சேர்த்தோம். முதல் நாள் அவன் அழவில்லை. அங்கிருந்த மரக்குதிரை அவனை ஈர்த்துக்கொண்டது. இரண்டாம் நாள் வாசலிலேயே எம் காலைக் கட்டிக்கொண்டான். "மிட்டாய் வாங்கிட்டு இப்பவே வந்துடுறோம்" என்றோம். அவன் நம்பினான், பிடியை விட்டான். நாம் போய்விட்டோம். நண்பகலில் அழைத்துவரச் சென்றபோது, சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதுபோல் மிட்டாயும் வாங்கிச் சென்றோம். அவன் அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டான், தின்னவில்லை. வீடு வந்து சேர்வதற்குள் அது உள்ளங்கையில் உருகி ஒட்டிக்கொண்டது. அதன் பின்னர்ப் பல மாதங்கள், நாம் கடைக்குப் புறப்பட்டாலே அவன் வந்து வாசலை மறித்து நிற்பான். திருப்பலியின்போதும் எம் வேட்டி நுனி அவன் கையில் இருக்கும். மிட்டாய் என்பது எல்லாக் குழந்தைகளுக்கும் இனிப்பைக் குறிக்கும் சொல். எம் பிள்ளைக்கு மட்டும் அதைப் பிரிவைக் குறிக்கும் சொல்லாக நாம் மாற்றிவிட்டோம்.

அந்நாளில் அதை ஒரு பிழையாக நாம் கருதவில்லை. எல்லாரும் செய்வதைத்தானே செய்தோம்? ஆனால் எல்லாரும் இதைச் செய்யத் தொடங்கியது எப்போது என்று எண்ணிப் பார்த்தால், வேறொன்று விளங்குகிறது.

நம் பாட்டன்மார் காலத்தில் பள்ளிப் பருவத்தை அளக்க ஓர் எளிய வழி இருந்தது. வலக்கையைத் தலைக்கு மேலாகச் சுற்றிக் கொண்டுபோய் இடக்காதைத் தொட முடிந்தால் பிள்ளைக்குப் பள்ளி வயது வந்துவிட்டது என்று பொருள். பிறந்த நாள் எழுதி வைக்கப்படாத வீடுகளுக்கு அந்தக் கையே பிறப்புச் சான்று. அப்படிக் கை எட்டுவதற்கு ஐந்து வயதேனும் ஆகும். அதுவரை பாட்டியின் மடியும், தெருத் திண்ணையும், அண்டை வீட்டு முற்றமுமே அதன் உலகம். தாய் வயலுக்குப் போனாலும் குழந்தை அறிந்த முகங்களின் நடுவேதான் இருந்தது. இன்றோ மூன்று வயது நிரம்பியவுடன் எல்.கே.ஜி. வகுப்பு காத்திருக்கிறது. கை காதுக்கு எட்டுமுன்பே, பெயர் தெரியாத முகங்களின் நடுவே குழந்தை நிற்கிறது. பாட்டி ஊரில் இருக்கிறார். தாயும் தந்தையும் நகரத்தில் வேலை பார்க்கிறார்கள். இது எவருடைய குற்றமும் அன்று, காலத்தின் போக்கு. ஆயினும் பிரிவு முன்னதாக வருகிறது என்பதால், அதைத் தாங்கும் ஆயத்தமும் முன்னதாக வர வேண்டும் அல்லவா?

மழலையர் பள்ளி என்ற ஏற்பாட்டின் பிறப்பிலேயே ஒரு பிரிவின் நிழல் இருக்கிறது. 1837-ஆம் ஆண்டு ஜெர்மனியில் பாட் பிளாங்கன்பர்க் என்னும் சிற்றூரில் சிறு குழந்தைகளுக்கென ஒரு கல்விக்கூடம் தொடங்கி, 1840-இல் அதற்குக் 'கிண்டர்கார்டன்' என்று பெயரிட்டவர் பிரீட்ரிக் புரோபெல். குழந்தைத் தோட்டம் என்பது அதன் பொருள். இவர் ஒரு வயது நிரம்புமுன்பே தம் தாயை இழந்தவர். தாயின் மடியை அறியாத ஒருவரே மழலைகள் தளிர்க்க ஒரு தோட்டத்தை எண்ணிப் பார்த்தார் என்பது நம்மைச் சிந்திக்க வைக்கிறது. நம் நாட்டில் 1975-ஆம் ஆண்டு காந்தியடிகளின் பிறந்த நாளன்று ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பட்டது. இன்று தமிழ்நாட்டில் ஏறத்தாழ 54,000 அங்கன்வாடி மையங்கள் இயங்குகின்றன. தனியார் மழலையர் பள்ளிகளும் நம் மறைமாவட்டங்களின் பள்ளிகளும் இவற்றோடு சேர்கின்றன. அப்படியானால், ஒவ்வோர் ஆண்டும் எத்தனை ஆயிரம் வாசல்களில் இந்தப் பிரிவு நிகழ்கிறது! எத்தனை ஆயிரம் காக்கைகள் காட்டப்படுகின்றன!

இனி, கேள்விக்கு வருவோம். பொய்யைப் பற்றி நம் திருச்சபையின் அறிஞர்களுள் மிகக் கடுமையாகச் சிந்தித்தவர் புனித அகுஸ்தினார். பொய்யைப் பற்றி மட்டுமே இரண்டு நூல்கள் எழுதியவர். இரண்டாவது நூலில் அவர் ஓர் எடுத்துக்காட்டைக் காட்டுகிறார். ஒருவர் சாகும் தறுவாயில் கிடக்கிறார். அவருடைய ஒரே மகன் இறந்துவிட்டான். அது அவருக்குத் தெரியாது. 'என் மகன் நலமா?' என்று கேட்கிறார். உண்மையைச் சொன்னால் அந்த அதிர்ச்சியிலேயே அவர் இறந்துவிடக்கூடும். என்ன செய்வது? தாமும் மனிதர்தாம் என்றும், இந்த நிலை தம் நெஞ்சை உலுக்குகிறது என்றும் அகுஸ்தினார் ஒப்புக்கொள்கிறார். ஒப்புக்கொண்ட பின்னும் பொய்க்கு அவர் கதவைத் திறக்கவில்லை. சாகக் கிடக்கும் தந்தைக்கே பொய்யை மறுத்தவர், மூன்று வயதுப் பிள்ளைக்கு மட்டும் அதை இசைந்திருப்பாரா?

எட்டு நூற்றாண்டுகள் கழித்து வந்த புனித தோமா அக்குவினார் சற்றே பரிவோடு பொய்களைத் தரம் பிரித்தார். கேடு விளைக்கும் பொய் ஒன்று. விளையாட்டுப் பொய் ஒன்று. பிறருக்கு உதவுவதற்காகச் சொல்லும் பொய் மற்றொன்று. உதவும் பொய்யின் குற்றம் மிகவும் குறைவு என்றார். ஆனால் குற்றமே இல்லை என்று சொல்லவில்லை. அவர் இன்னொன்றும் சொன்னார். உண்மையை விவேகத்தோடு மறைத்து வைப்பது பொய்யாகாது. இந்த வேறுபாடு பெற்றோருக்கு மிகவும் தேவையானது. நம் கவலைகளையெல்லாம் குழந்தையிடம் கொட்ட வேண்டியதில்லை. கட்டணத்துக்காக வாங்கிய கடனையும், 'இவன் எப்படித் தேறுவானோ' என்ற அச்சத்தையும் மறைத்து வைக்கலாம், வைக்கவும் வேண்டும். சொல்லாமல் விடுவது வேறு. இல்லாததைச் சொல்வது வேறு.

இங்கே நம் தமிழ் வாசகர் ஒருவர் குறுக்கிடுவார்: "வாய்மை என்ற அதிகாரத்தில் வள்ளுவர் ஒரு வழி விட்டிருக்கிறாரே! குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கத்தக்கது என்கிறாரே! குழந்தை அழாதிருப்பது நன்மைதானே?" இந்த மறுப்பைத் தட்டிக் கழிக்க முடியாது. நம் வீட்டு முதியோர் பலரின் நடைமுறை அறிவும் வள்ளுவரின் பக்கமே நிற்கிறது. ஆனால் வள்ளுவர் வைத்த நிபந்தனையைக் கவனியுங்கள். நன்மை என்று மட்டும் அவர் சொல்லவில்லை. குற்றம் தீர்ந்த நன்மை என்கிறார். அகுஸ்தினாரின் அளவுகோலை வைத்துவிட்டு, வள்ளுவரின் அளவுகோலையே எடுத்துக்கொண்டு வாசலில் நிகழ்வதை அளந்து பார்ப்போம்.

நழுவிச் செல்வதால் வரும் நன்மை யாருக்கு? குழந்தையின் அழுகை நிற்பதில்லை. நாம் போன பிறகு தொடங்குகிறது, அவ்வளவுதான். அந்த அழுகையை நாம் கேட்பதில்லை. நன்மை என்று நாம் கருதியது நம் காதுக்குக் கிடைத்த நன்மை. நம் நெஞ்சின் வலியைக் குறைக்கச் சொன்ன பொய்யைக் குழந்தையின் நலத்துக்காகச் சொன்னதாக நாமே நம்பிக்கொள்கிறோம். எம் மகனிடம் மிட்டாய் என்று சொன்னபோது, உண்மையில் நாம் எம்மைத்தான் காப்பாற்றிக்கொண்டோம். அவன் முகத்தைப் பார்த்து 'நான் போகிறேன்' என்று சொல்லும் துணிவு எமக்கு இல்லை. வள்ளுவரின் வாசல் வழியாகவும் அந்தப் பொய் நுழைய முடியாது.

"ஒரு வாரத்தில் எல்லாம் பழகிவிடும்" என்று அனுபவமுள்ள ஆயாக்கள் சொல்வது பெரும்பாலும் உண்மையே. ஒருநாள் நழுவிச் சென்றதால் எந்தக் குழந்தையும் கெட்டுப்போவதில்லை. இதைப் படிக்கும் இளம் தாய்மார் தம்மையே நொந்துகொள்ளத் தேவையில்லை. ஆயினும், அழுகை நின்றுவிட்டது என்பதும் மனம் தேறிவிட்டது என்பதும் ஒன்றல்ல. இதை உலகுக்கு எடுத்துக்காட்டியவர்களுள் ஒருவர் இங்கிலாந்தில் பணியாற்றிய ஜேம்ஸ் ராபர்ட்சன். அக்காலத்தில் அந்நாட்டு மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்ட குழந்தைகளைப் பெற்றோர் பார்ப்பதற்குக் கடும் கட்டுப்பாடுகள் இருந்தன. முதலில் அழுத குழந்தைகள் சில நாள்களில் அமைதியாகிவிட்டதைக் கண்டு, 'பழகிவிட்டார்கள்' என்றனர் அங்கிருந்தோர். ராபர்ட்சன் அந்த அமைதியை உற்றுப் பார்த்தார். முதலில் எதிர்ப்பு, பின்பு நம்பிக்கையிழப்பு, அதன்பின் பற்றறுத்தல் என்று மூன்று நிலைகளை அவர் கண்டார். 1952-இல், எட்டு நாள் மருத்துவமனையில் இருந்த இரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியைப் படமெடுத்துக் காட்டினார். தொடக்கத்தில் பலர் அவரை எதிர்த்தனர். 1959-இல் வெளிவந்த ஓர் அரசுக் குழுவின் அறிக்கை, பெற்றோர் தடையின்றிக் குழந்தைகளைப் பார்க்கலாம் என்று பரிந்துரைத்தது. இரவு பகலாக நாள்கணக்கில் நிகழும் அந்தப் பிரிவும், நான்கு மணி நேரப் பள்ளியும் ஒன்றல்ல. ஆயினும் ஒரு பாடம் நமக்கும் உரியது. அடங்கிப்போன குழந்தையைத் தேறிய குழந்தை என்று அவசரப்பட்டு முடிவு கட்டிவிடக் கூடாது.

உண்மை பேசுவதற்கு இன்னும் ஆழமான காரணம் ஒன்று உண்டு. வாசலில் நாம் சொல்லும் சொல் அன்றைய காலைக்கு மட்டும் உரியதன்று. நம்மைவிட்டுப் பிரிந்திருக்கும் வாழ்வைக் குழந்தை அன்றுதான் தொடங்குகிறது. இனிமேல் அதற்கு நேர்வதை நாம் கண்ணால் பார்க்க இயலாது. அது சொன்னால்தான் தெரியும். யாரேனும் அடித்தாலும், இழிவாகப் பேசினாலும், தொடத் தகாத முறையில் தொட்டாலும், அதன் வாய் திறந்தால்தான் நமக்குத் தெரியவரும். தன்னிடம் உண்மை பேசியவர்களிடமே குழந்தை உண்மையைக் கொண்டுவந்து கொடுக்கும். சொல் மாற்றியவரிடம் சொல்லத் தயங்கும். அகுஸ்தினார் தம் வாழ்வை இறைவன்முன் அறிக்கையிட்டு எழுதிய நூலின் முதற்பகுதியில், சிறுவனாக இருந்தபோது பள்ளியில் அடிபடாதிருக்கத் தாம் மன்றாடியதையும், பெரியவர்கள், தம் பெற்றோரும்கூட, அதைக் கேட்டு நகைத்ததையும் குறிப்பிடுகிறார். நாற்பது வயதைக் கடந்து ஆயராக விளங்கியபோதும் அந்தச் சிரிப்பு அவருக்கு மறக்கவில்லை. பிள்ளைகள் சொல்ல முயன்றதை நாம் எவ்வாறு கேட்டோம் என்பதை அவர்கள் நெடுங்காலம் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

அப்படியானால், குடும்பங்கள் எவ்வாறு ஆயத்தம் செய்யலாம்? எம் பிழையிலிருந்தும், பின்னர் மற்றக் குடும்பங்களைக் கண்டும் கற்ற சிலவற்றை ஈண்டுச் சொல்கிறோம்.

ஆயத்தம் மே மாதத்திலேயே தொடங்க வேண்டும். அதற்கும் முன்னதாக ஒன்றை நிறுத்த வேண்டும். சோறு உண்ண மறுக்கும் குழந்தையிடம், "ஸ்கூல்ல சேர்த்துவிடுறேன், டீச்சர் பிரம்பால அடிப்பாங்க" என்று ஓராண்டாக அச்சுறுத்திவிட்டு, ஜூன் மாதத்தில் அதே டீச்சரின் கையில் குழந்தையைக் கொடுத்தால் அது அலறாமல் என்ன செய்யும்? பள்ளியைப் பூச்சாண்டியாக்குவதும் பொய்தான். 'அங்கே எப்போதும் விளையாட்டுதான், அழவே மாட்டாய்' என்று சொர்க்கமாக்குவதும் பொய்தான். 'முதலில் கொஞ்சம் அழுகை வரலாம். டீச்சர் பக்கத்தில் இருப்பார். பிறகு பாட்டுப் பாடுவீர்கள்' என்பது உண்மை. அந்த உண்மையைக் குழந்தை தாங்கிக்கொள்ளும்.

பள்ளி திறக்குமுன் ஒருமுறையேனும் குழந்தையை அங்கே அழைத்துச் சென்று வகுப்பறை, குழாய், கழிப்பறை, ஆயா அமரும் இடம் ஆகியவற்றைக் காட்டுவது நல்லது. வீட்டில் சிறுநீர் கழிப்பதற்கு நாம் ஏதோ ஒரு செல்லச் சொல் வைத்திருப்போம். ஆசிரியைக்கு அது புரியாது. எல்லாருக்கும் புரியும் சொல்லைப் பழக்க வேண்டும். டிபன் டப்பாவின் மூடியையும் தண்ணீர் பாட்டிலின் மூடியையும் தானே திறக்கத் தெரிந்த குழந்தைக்குப் பாதி அச்சம் போய்விடும். விடுமுறையில் எட்டு மணிவரை உறங்கிய பிள்ளையைப் பள்ளி திறக்கும் நாளன்று ஆறு மணிக்கு உலுக்கி எழுப்பினால் அது தூக்கத்துக்காகவும் சேர்த்து அழும். பத்து நாள்களுக்கு முன்பிருந்தே உறங்கும் நேரத்தையும் எழும் நேரத்தையும் சிறிது சிறிதாக மாற்றலாம்.

பிரிவையும் அவ்வாறே சிறிது சிறிதாகப் பழக்கலாம். அத்தை வீட்டில் அரை மணி நேரம் விட்டு, 'போய்வருகிறேன்' என்று சொல்லிச் சென்று, சொன்னபடி திரும்பி வர வேண்டும். அடுத்த முறை ஒரு மணி நேரம். போனவர் திரும்பி வருவார் என்பதைக் குழந்தை விளக்கத்தால் கற்பதில்லை. திரும்பி வந்த முகத்தைப் பலமுறை கண்டே கற்கிறது.

முதல் நாளன்று குழந்தைக்கு அளிக்கும் வாக்குறுதி, குழந்தையின் கடிகாரத்தில் அமைய வேண்டும். 'பன்னிரண்டரை மணிக்கு வருவேன்' என்றால் அதற்குப் புரியாது. 'ஐந்து நிமிடத்தில் வருவேன்' என்றால் அது பொய். 'முதலில் பாட்டுப் பாடுவீர்கள், பிறகு விளையாடுவீர்கள், பிறகு கை கழுவிச் சாப்பிடுவீர்கள், பிறகு மணி அடிக்கும். மணி அடிக்கும்போது நான் இந்த வேப்பமரத்தடியில் நிற்பேன்' என்று சொன்னால், அந்தக் காலை முழுவதும் பிடித்து நடக்க ஒரு கயிறு அதற்குக் கிடைக்கிறது. அழைக்க வரப்போவது தாத்தா என்றால், 'தாத்தா வருவார்' என்றே சொல்ல வேண்டும். மணி அடிக்கும்போது வேப்பமரத்தடியில் நின்றே ஆக வேண்டும். முதல் சில வாரங்கள் இந்த வாக்கைக் காப்பது, வேறு எந்தப் பணியைவிடவும் முதன்மையானது. பேருந்து தவறித் தாமதமாகிவிட்டால், 'அழாதே, ஒன்றுமில்லை' என்று தட்டிக் கொடுப்பதோடு நின்றுவிடாமல், 'சொன்ன நேரத்துக்கு வரவில்லை. அது என் தவறு' என்று பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்கலாம். பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பதால் பெற்றோரின் மதிப்புக் குறைவதில்லை. அவர்களுடைய சொல்லின் மதிப்புக் கூடுகிறது.

விடைபெறுவது குறுகியதாக இருக்கட்டும். பத்து முறை திரும்பிப் பார்த்து, கண்ணீரைத் துடைத்து, மீண்டும் ஓடிவந்து அணைத்துக்கொள்வது குழந்தையின் அச்சத்தை வளர்க்கும். 'அம்மாவே பயப்படுகிறாள் என்றால் இது ஆபத்தான இடம்தான் போலும்' என்று அது எண்ணும். விரைந்து செல்வது வேறு. ஒளிந்து செல்வது வேறு. நம் குடும்பங்களில் வெளியூர் புறப்படுவோரின் நெற்றியில் பெரியவர்கள் சிலுவை அடையாளம் வரைந்து அனுப்பும் வழக்கம் உண்டு. குழந்தையின் நெற்றியிலும் அவ்வாறு வரைந்து, 'போய்வருகிறேன்' என்று ஒரே முறை சொல்லிவிட்டு நடக்கலாம். நாள்தோறும் அதே செயல், அதே சொல் என்றிருந்தால், குழந்தைக்கு அதுவே ஒரு பிடிமானமாகிவிடும். அழுகை வரும், வரட்டும். பிரிவுக்கு அழுவது குற்றமன்று. அந்த அழுகையில் வருத்தம் மட்டுமே இருக்கும், ஏமாற்றம் இராது.

இரண்டாவது வாரத்தில் அழுகை முன்னிலும் கூடினால் திகைக்க வேண்டா. புதுமை தீர்ந்து, இது நாள்தோறும் நடக்கப்போவது என்று குழந்தைக்கு அப்போதுதான் விளங்குகிறது. இரவில் படுக்கையை நனைப்பதும், விட்டுவிட்ட விரல் சூப்பலை மீண்டும் தொடங்குவதும், வீட்டில் காலையே சுற்றிவருவதும் சில வாரங்கள் இருக்கலாம். கடிந்துகொள்ளாமல் இருந்தால் பெரும்பாலும் அவை தாமே மறையும். பல வாரங்களாகியும் உணவும் உறக்கமும் சீர்ப்படாவிட்டால், அல்லது ஒருவர் பெயரைச் சொன்னாலே குழந்தை நடுங்கினால், அதைப் பிடிவாதம் என்று தள்ளிவிடாமல் அமர்ந்து கேட்க வேண்டும். பள்ளியிலும் விசாரிக்க வேண்டும். குழந்தை ஓர் உண்மையைச் சொல்லிக்கொண்டிருக்கலாம்.

"இவையெல்லாம் வசதியுள்ளவர்களுக்கு" என்று சிலர் சொல்லக்கூடும். விடியலில் நாற்று நடப் புறப்படும் தாய்க்கு அங்கன்வாடி வாசலில் நின்று பேச நேரம் ஏது? நியாயமான கேள்வி. அவளுக்கு விடுப்பு இல்லை. அரை நாள் கூலி போனால் அடுப்பு எரியாது. ஆனால் பொய் சொல்வதற்கு ஆகும் நேரமே உண்மை சொல்வதற்கும் ஆகிறது. 'வேலைக்குப் போறேன், பொழுது சாயறப்ப வந்துடுவேன்' என்பதற்குச் சில நொடிகள் போதும். பொம்மையும் பொறுமையான நேரமும் வாங்கித்தர இயலாத தாயும் தரக்கூடிய செல்வம் இது. எஞ்சிய கடமை பள்ளிகளுடையது. முதல் வாரத்தில் வகுப்பு நேரத்தைக் குறைப்பது, பெற்றோர் சிறிது நேரம் உள்ளே அமர இடம் தருவது, 'அம்மா வெளியேதான் நிற்கிறார்கள்' என்று ஆசிரியையும் ஆயாவும் பொய் சொல்லாதிருப்பது: இவற்றுக்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. நம் பங்குகளின் மழலையர் பள்ளிகள் இதில் முன்மாதிரியாக நிற்கலாகாதா?

விவிலியத்தில் தன் சிறு பிள்ளையைப் பிறரிடம் ஒப்படைத்துத் திரும்பிய தாய் ஒருத்தி உண்டு. சாமுவேலின் தாய் அன்னா. பால்குடி மறக்கும்வரை பிள்ளையைத் தன்னிடமே வைத்திருந்தாள். அதுவரை சீலோவுக்குப் போவதில்லை என்று கணவனிடம் சொல்லியும் விட்டாள். அவசரப்படவில்லை. பிறகு தானே அழைத்துச் சென்று ஏலியின் கையில் ஒப்படைத்தாள். ஆண்டுதோறும் ஒரு சிறிய மேலாடை தைத்து எடுத்துக்கொண்டு அவனைப் பார்க்கச் சென்றாள் என்றும் திருநூல் சொல்கிறது. அந்த ஆடையை அளவெடுக்கப் பிள்ளை அருகில் இல்லை. இந்த ஓராண்டில் எவ்வளவு வளர்ந்திருப்பான் என்று மனத்தாலேயே அளந்துதான் அவள் தைத்திருக்க வேண்டும். ஆண்டுதோறும் வந்த அந்த ஆடையே, 'போனவள் திரும்பி வருவாள்' என்று பிள்ளைக்குச் சொல்லாமல் சொல்லியிருக்கும்.

நம் ஆண்டவரும் தம்மவரைப் பிரிய நேர்ந்தது. இறுதி இராவுணவின்போது, தாம் போகப்போவதை அவர் சீடர்களிடம் முன்னதாகவே சொன்னார். அவர்கள் உள்ளம் துயரால் நிரம்பும் என்று தெரிந்தே சொன்னார். ஏன் போகிறார் என்றும், அவர்களைத் திக்கற்றவர்களாக விடப்போவதில்லை என்றும், மீண்டும் காணப்போவதாகவும் சொன்னார். அவர்கள் உறங்கும்போது நழுவிச் செல்லவில்லை. அழுகைக்கு அஞ்சி உண்மையை மறைப்பது அவர் காட்டிய அன்பின் வழி அன்று.

கடந்த ஜூன் மாதம் எம் பேத்தி எல்.கே.ஜி. சேர்ந்தாள். மகனும் மருமகளும் வேலைக்குச் செல்வதால், இரண்டாம் நாள் அவளைக் கொண்டுபோய் விடும் பொறுப்பு எமக்கு வந்தது. புறப்படும்போது மகன் எம் அருகில் வந்து, மெல்லிய குரலில், "அப்பா, மிட்டாய் வாங்கிட்டு வர்றேன்னு மட்டும் சொல்லிடாதீங்க" என்றான். நினைவிலிருந்து சொன்னானா, தன் தாயிடம் கேட்டறிந்து சொன்னானா என்று நாம் கேட்கவில்லை. கேட்கும் துணிவு அன்றும் எமக்கு இல்லை. "சொல்லமாட்டேன்பா" என்று மட்டும் சொன்னோம்.

பள்ளி வாசலில் பேத்தி எம் விரலைப் பற்றிக்கொண்டு நின்றாள். ஆயா வந்து கையை நீட்டினார். முழங்கால் வலியைப் பொறுத்துக்கொண்டு குனிந்து, அவள் நெற்றியில் சிலுவை வரைந்தோம். "தாத்தா வீட்டுக்குப் போறேன். மணி அடிக்கும்போது இந்தக் கேட் பக்கத்துல நிப்பேன்" என்றோம். அவள் உதடு பிதுங்கியது, கண்கள் நிறைந்தன, அழுதாள். அழுதுகொண்டே விரலை விட்டாள்.

அன்று மணி அடிப்பதற்கு முக்கால் மணி நேரம் முன்பே நாம் அந்த வாசலில் போய் நின்றுகொண்டோம்.